இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

மார்ச் 3

பெறுநர்: ஆலோசகர் எண் நாற்பத்தேழு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கண் மருத்துவமனைக்கு அருகில் முன்பதிவு செய்த ஓட்டல் அறை இல்லாமற்போனது – புகார் சொல்ல அழைத்தபோது சொந்தத் தம்பி அகப்பட்டது – தொடர்பாக.

ஐயா,

பத்தொன்பது வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். புகார் எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல புகாரில் அழுகை இருக்காது. நேரமும் எண்ணிக்கையும் இருக்கும். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மாவின் வலது கண் அறுவைச் சிகிச்சைக்காக ஆறு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, சென்ற மாதம் இருபத்தைந்தாம் தேதி பிற்பகல் ஒன்றரை மணிக்கு அந்த ஓட்டலுக்குள் நுழைந்தோம். உங்கள் கம்பெனியின் ஆப்பில் பதினெட்டு நாள் முன்னதாகப் பதிவு செய்த அறை. ‘மருத்துவமனைக்கு மூன்று நிமிட நடை, அமைதியான சூழல்’ என்று போட்டிருந்தது. ரிசப்ஷன்காரர் உறுதிச் சீட்டை வாங்கி, பழைய வியாதி திரும்ப வந்ததைப் பார்க்கும் டாக்டர் மாதிரி பார்த்தார். “இருநூத்தி நாலா? வாங்க, காட்டுறேன்” என்று மாடிக்குக் கூட்டிப்போனார். உள்ளே பழுதான ஏசி பெட்டிகள் பதினொன்று இருந்தன. சூழல் அமைதியாகத்தான் இருந்தது. போன வருடமே அது சாமான் அறையாகிவிட்டதாம். “நாங்களும் கம்பெனிக்கு எழுதிக்கிட்டேதான் இருக்கோம். அவங்களும் ஆளுங்கள அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க” என்றார். வேறு அறை இல்லை. அந்தத் தெரு முழுக்கவே இல்லை. நான்கு நாளும் காலையில் கண்ணைப் பார்க்க வேண்டும், நடக்கும் தூரத்தில் தங்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மா வரவேற்பறையில் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நான் உங்களை அழைத்தேன். ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி, ‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்பதற்கு ஏழை அழுத்தினேன். எனக்கு முன்னால் நூற்று நாற்பது பேர் காத்திருப்பதாக ஒரு பெண்குரல் சந்தோஷமாகத் தெரிவித்தது. பிறகு ஒரு ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘வணக்கம்’ என்றது. பொய் சொல்வதற்கு முன்னால் அப்படிச் செருமுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். “நண்டு?” என்றேன்.

“உங்கள் முன்பதிவு எண்ணைச் சொல்ல முடியுமா, மேடம்?” என்றாய்.

அந்த அழைப்பில் மொத்தம் பத்தொன்பது மேடம். பதினான்கு ‘வருந்துகிறோம்’. பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தங்குபவரின் பிறந்த தேதியைக் கேட்டாய். நம் அம்மாவின் பிறந்த தேதி. சொன்னேன். “நன்றி மேடம், சரிபார்க்கப்பட்டது” என்றாய். பிறகு ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிட்டுப் போனவன், இருபத்திரண்டு நிமிடம் கழித்துத் திரும்பிவந்து, கடைசியாக ஒருமுறை வருந்தினாய். லைன் அறுந்தது. அடுத்த நொடி ஒரு குறுஞ்செய்தி: ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ ஒன்று கொடுத்தேன். பூஜ்யம் கொடுக்க வழி வைக்கவில்லை.

கடைசியில் எங்களுக்கு இடம் கொடுத்தது அந்த ரிசப்ஷன்காரர். நான் உங்கள் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே யாரிடமோ மேசைப் போனில் பேசிவிட்டு வந்து, கீழ்த்தளத்தில் ஊழியர் அறை ஒன்றைத் திறந்துவிட்டார். அவர் மனிதர்.

அப்பா போன அன்று நடந்ததற்கு நீ இந்த மூன்று வருடத்தில் ஒரு வார்த்தை வருந்தியதில்லை. எவனோ நடத்தும் கம்பெனிக்காக நாற்பத்தோரு நிமிடத்தில் பதினான்கு முறை. போன் எண்ணை மாற்றிக்கொண்டாய். இந்த முகவரி அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் கிடைத்தது. மாதாமாதம் நீ அவளுக்கு எழுதுவதை மருந்துக் கடைக்காரர் படித்துக் காட்டுகிறாராம். நம் வீட்டுச் சமாசாரம் முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது.

இப்போது விஷயம். இடது கண்ணுக்கு ஏப்ரல் ஒன்பது என்று நாள் குறித்திருக்கிறார்கள். தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் டாக்டர். ஊர் திரும்பியதும் அம்மா, “நண்டு வந்தாத்தான் அடுத்த கண்ணு” என்று சொல்லிவிட்டாள். ஏன் திடீரென்று இப்படி என்று எனக்குப் புரியவில்லை. போனில் பேசியது நீ என்று அவளுக்குத் தெரியாது. கேட்டாள், ‘யாரோ’ என்று சொல்லிவிட்டேன்.

ஆவன செய்யவும்.

அக்கா

*

மார்ச் 8

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் மேலான கடிதம் கிடைக்கப் பெற்றோம். தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார

இல்லை அக்கா. கை தானாக எழுதிக்கொண்டு போகிறது. திரும்ப ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் வேலை செய்யும் கூடத்தில் இருநூறு பேர் உட்காரலாம், ஜன்னல் கிடையாது. தூணுக்கு ஒன்றாக பிளாஸ்டிக் செடி உண்டு. ஒவ்வொருவர் திரையிலும் ஒரு வட்ட முகம் இருக்கும். அழைப்பவரின் கோபத்தைக் குரலை வைத்தே அளந்து அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும். உன் அழைப்பில் சிவப்பையும் தாண்டி ஊதாவுக்குப் போனது. அப்படி ஒரு நிறம் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீ ‘நண்டு’ என்றதும் நான் ‘அக்கா’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? தெரிந்தவர், உறவினர் அழைப்பை எடுக்கக் கூடாது என்பது விதி. உடனே உன்னை வேறு ஆலோசகருக்கு மாற்ற வேண்டும். அதாவது வரிசையின் கடைசிக்கு. மறுபடியும் நூற்று நாற்பது பேர். அம்மா பெட்டி மேல். அதனால் மேடம். பத்தொன்பது என்று எண்ணினாயே, அதில் ஒன்றுகூட எனக்குச் சுலபமாக வரவில்லை.

நட்சத்திரம் பற்றி. நீ கொடுத்த ஒன்று கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கம்பெனிக்கு யாரும் நட்சத்திரம் போட முடியாது. அது எனக்கு வந்தது. மூன்று மாதத்துக்குள் ஒற்றை நட்சத்திரம் மூன்று வாங்கினால் ஆளை ‘விடுவித்து’விடுவார்கள். உன்னுடையது இரண்டாவது.

ஓட்டலில் இல்லாத அறையை ஏன் விற்கிறீர்கள் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது. அந்த 204-ஐ நீக்கச் சொல்லி நானே ஆறு தடவை எழுதியிருக்கிறேன். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று வரும். எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை. பள்ளிக்கூட விடுமுறையில் உன் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் காலி வாளியோடு வந்து நின்றார். நீ அவர் மனுவில் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதி முத்திரை குத்தினாய். “எப்போ மேடம்?” என்றார். “செய்யப்படும்” என்றாய், தலையைத் தூக்காமல். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். என் தொழிற்பயிற்சி அங்கேயே முடிந்துவிட்டது. கம்பெனி கொடுத்த ஆறு வாரம் வெறும் மறுவாசிப்பு.

ஏப்ரல் ஒன்பதுக்கு நான் வர முடியாது. அம்மாவிடம் எப்படியாவது பேசி ஒப்புக்கொள்ள வை. காரணம் உனக்குத் தெரியும். அப்பா கிடந்த அறை வாசலில், பெரியப்பாவும் அத்தைகளும் நிற்க, “இனிமே யார் உடம்புக்கு முடியாம படுத்தாலும் இவனைப் பக்கத்துல விடாதீங்க” என்று சொன்னது நீ. அரசு ஊழியர் போட்ட உத்தரவு. ரத்தாகும்வரை அமலில் இருக்கும்.

நண்டு

*

மார்ச் 12

நண்டு,

உத்தரவு, ரத்து, அமல். என் பாஷையில் எனக்கே பதில் எழுதுகிறாயா? சரி, இருக்கட்டும்.

அப்பாவோடு நீ இருக்க வேண்டியிருந்தது அரை மணி நேரம். மருந்து வாங்க நான் கீழே போனேன். திரும்பி வந்தபோது நர்ஸ் போர்வையை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். நீ தாழ்வாரக் கோடியிலிருந்து, போனைச் சட்டைப் பையில் போட்டபடி நடந்து வந்தாய். “டீக்கடையில நின்னுக்கிட்டிருந்திருப்பான்” என்றார் பெரியப்பா. நீ இல்லை என்று சொல்லவில்லை. ஒரு டீக்காக அப்பாவைத் தனியாக விட்டவனைப் பார்த்து வேறு என்ன சொல்ல வேண்டும், அதையும் நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

வாளிக்காரர் விஷயம். எத்தனையோ வாளிக்காரர்கள். எனக்கு ஞாபகம் இல்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. போகட்டும்.

இங்கே அம்மா ஒரு இடத்தில் உட்காருவதில்லை. வலது கண்ணை மூடி ஒருமுறை, இடது கண்ணை மூடி ஒருமுறை என்று வீடு முழுக்கச் சோதனை போடுகிறாள். புதுக் கண்ணுக்குச் சுவர் வெள்ளை, பழைய கண்ணுக்கு மஞ்சள். நேற்று என் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, “இவ்வளவு நரையா? ஏன்டி சொல்லவே இல்ல?” என்று சண்டைக்கு வந்தாள். நாள் நெருங்குகிறது என்று நான் சொன்னால், “அவன்கிட்ட சொல்லு” என்கிறாள். நான் அலுவலகத்திலிருந்து மூன்று தடவை வீட்டுக்குப் போன் செய்கிறேன், ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு.

உன் ஓட்டலுக்கே மறுபடி பதிவு செய்திருக்கிறேன். நேரடியாகத்தான் கேட்டேன். ரிசப்ஷன்காரர், “எல்லா ரூமையும் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சும்மா. நீங்க அவங்க வழியாத்தான் வரணும். வந்தீங்கன்னா நான் பார்த்துக்கிறேன்” என்றார். உறுதிச் சீட்டு வந்தது. ‘பெரியவர் ஒன்று, செல்லப்பிராணி ஒன்று’ என்று இருக்கிறது. அம்மாவின் பெயர் செல்லப்பிராணிக்கு நேராக. திருத்தச் சொல்லி எழுதினேன். ‘செல்லப்பிராணியின் எடையைக் குறிப்பிடவும்’ என்று பதில் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் நட்சத்திரத்தை என்னால் முடிந்த அளவு சரிசெய்துவிட்டேன். ஆப்பில் மாற்ற முடியவில்லை. மாற்ற வேண்டுமானால் புதிதாக ஒரு புகார் கொடுக்கச் சொல்கிறது. அதனால் உங்கள் தலைமை அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் ஒரு நன்னடத்தைச் சான்று அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் எவ்வளவோ சான்றுகளைப் படித்தவள் நான். பொத்தாம்பொதுவாகப் புகழ்ந்தால் எவனும் மதிக்க மாட்டான். சான்றளிப்பவருக்கு அந்த ஆளை எப்படித் தெரியும் என்று ஆதாரத்தோடு இருக்க வேண்டும். எனவே, ‘மேற்படி ஆலோசகர் எனது உடன்பிறந்த தம்பியாவார். அவரைப் பிறந்த நாள் முதல் அறிவேன். எனது அழைப்பிலும் எந்தச் சலுகையும் காட்டாமல் கடமையாற்றினார்’ என்று எழுதி, அலுவலக முத்திரையும் போட்டேன். இனி உனக்கு ஒரு குறையும் வராது.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

உன் சான்று வந்து சேர்ந்தது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி இவ்வளவு நன்றாக யாரும் எழுதியதில்லை. அதன் பேரில் என் மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள்.

உறவினர் அழைப்பை எடுத்தது ஒன்று. அதை மறைத்தது இரண்டு. ஆதாரம் முத்திரையோடு, பதிவுத் தபாலில். எங்கள் டீம் லீடர் என்னைவிட எட்டு வயது சின்னவன், நல்ல பையன். அதைப் படித்துவிட்டு, “சார், இவங்க உங்களுக்கு நல்லது செய்றாங்களா, கெட்டது செய்றாங்களா?” என்று கேட்டான். மூன்று வருடமாக எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன்.

கோபத்தில்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நான்கு நாளாக ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால் அந்த விசாரணையில் வேறொன்று நடந்தது.

கண்ணாடி அறை. மேசையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் வைத்திருக்கிறார்கள், முன்யோசனையோடு. டீம் லீடர் ஒரு பக்கம், மனிதவள அதிகாரி அம்மாள் ஒரு பக்கம். உன் அழைப்பை முதலிலிருந்து போட்டார்கள். என் மேடம்களை நானே உட்கார்ந்து கேட்டேன். பிறகு நான் ‘ஒரு நிமிடம் காத்திருங்கள்’ என்கிற இடம் வந்தது. இனி இருபத்திரண்டு நிமிடம் இசைதான் என்று நினைத்தேன். இல்லை. இசை உனக்குத்தான் கேட்கும். பதிவு உன் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கே அன்றுதான் தெரியும்.

ரிசப்ஷன் மணி அடிக்கிறது. யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அம்மா, “யாரும்மா போன்ல?” என்கிறாள்.

“யாரோ.”

“யாரோன்னா ஏன்டி ‘நண்டு’ன்னு கூப்பிட்ட?”

மறுபடி ரிசப்ஷன் மணி. மனிதவள அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உன் குரல்: “அன்னைக்கு நான் அவனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

“என்கிட்ட எதுக்குடி சொல்ற? அவன்கிட்ட சொல்லு.”

“அவன் எங்க இருக்கான்?”

“லைன்லதான் இருக்கான்.”

டீம் லீடர் நிறுத்திவிட்டான். மனிதவள அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். தலைகீழாகப் படித்தேன்: ‘காத்திருப்பின்போது வாடிக்கையாளர் உணர்ச்சிவசப்படுதல். நல்ல உதாரணம். பயிற்சி வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.’

அம்மாவுக்குத் தெரியாது என்று எனக்கு எழுதினாயே அக்கா.

“அந்த இருபத்திரண்டு நிமிடம் நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார்கள். வயிற்று வலி என்றேன். உனக்குச் சொல்கிறேன். அவசர வழிப் படிக்கட்டில் நின்று, என் சொந்தப் போனில் அந்த ஓட்டலை அழைத்தேன். முதலில் குடிநீர் அலுவலகத்திலிருந்து பேசுவதாக, உன் மாதிரியே விறைப்பாகச் சொல்லிப் பார்த்தேன். ரிசப்ஷன்காரர் சிரித்துவிட்டார். “சார், தண்ணி ஆபீஸ்ல இவ்வளவு மரியாதையா யாரும் பேச மாட்டாங்க” என்றார். அப்புறம் உண்மையைச் சொன்னேன். பெட்டி மேல் உட்கார்ந்திருப்பது எங்க அம்மா என்று. அவர் சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. “வாரத்துக்கு மூணு பேர் இப்படி வர்றாங்க சார். எல்லாரும் யாரோ ஒருத்தருக்கு அம்மாதான்” என்றார். நீங்கள் தங்கியது அவருடைய அறை. அந்த நான்கு நாளும் அவர் மேசைக்குப் பின்னால் நாற்காலியில்தான் படுத்தார்.

இவ்வளவு எழுதியபின் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அப்பா போன அன்று நான் டீக்கடையில் இல்லை. தாழ்வாரக் கோடியில், தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று, போனில் நேர்காணல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்குத்தான். கோபமாக இருக்கிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். பொறுமையாகக் கேட்பேன் என்றேன். நல்லது, ஒரு நிமிடம் காத்திருங்கள் என்றார்கள். இசை. அப்பாவின் அறைக் கதவு நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. வைத்துவிட்டால் வேலை போய்விடும் என்று காத்திருந்தேன். இருபது நிமிடம். அதே இசையைத்தான் இப்போது தினமும் நூறு பேருக்குப் போடுகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி, நீ என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே வந்தது. அதை அங்கே எப்படிச் சொல்வது? டீ என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நண்டு

*

மார்ச் 26

நண்டு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். அது தப்பு. கவுண்டரில் ஆள் நின்றுகொண்டிருந்தார். “மேடம், நான் அப்புறம் வரட்டுமா?” என்று அவராகவே கேட்டுவிட்டுப் போனார்.

இதற்குப் பதிலாக ஐந்து காகிதம் கிழித்தேன். முதலாவதில், ‘பார்வை ஒன்றில் கண்ட வாய்மொழி உத்தரவு இதனால் ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதியிருந்தேன். படித்தால் யாரோ ஒரு மேலதிகாரி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ரத்து செய்த மாதிரி இருந்தது. மற்ற நான்கும் அதைவிட மோசம்.

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதை அம்மாவிடம் சொன்னேன், ஓட்டலில் சொன்னேன், உங்கள் மனிதவள அதிகாரிக்குக்கூடக் கேட்டுவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். அப்பா போனதற்கு நீ காரணம் இல்லை. நீ உள்ளே இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார். அன்று காலையிலேயே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உங்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அந்தப் போனை எடுத்தே இருக்க மாட்டாய். மருந்து வாங்கப் போனேன் என்று எழுதினேனே, அதுவும் முழு உண்மை இல்லை. வாங்க வேண்டிய மருந்து எதுவும் இல்லை. அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை. உன்னை உட்கார வைத்துவிட்டு நான்தான் முதலில் ஓடினேன்.

மூன்று வருடமாக இதை மறைக்கத்தான் உன் மேல் அவ்வளவு சத்தம் போட்டேன் போலிருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியாது என்றதும் பொய்தான். ரயிலில் திரும்பி வரும்போது, “அந்த யாரோ இளைச்சுட்டான் போல, குரலே எழும்பல” என்றாள்.

ஏப்ரல் எட்டாம் தேதி போய்ச் சேருகிறோம். ஒன்பதாம் தேதி காலை பத்தரைக்கு அறுவைச் சிகிச்சை. அம்மா என்னோடு ரயில் ஏற ஒப்புக்கொண்டுவிட்டாள். மேசையில் படுக்க ஒப்புக்கொள்ளவில்லை. “அங்க வந்து உட்கார்ந்திருக்கேன். அவன் வந்தாப் படுக்கிறேன், இல்லன்னா ஒரு கண்ணோட வீட்டுக்கு வரேன்” என்கிறாள். அவள் பேசினால் பேசியதுதான், உனக்குத் தெரியாததா?

வந்துவிடு. வேலை போய்விடும் என்றால், யோசித்து முடிவு செய். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு முகம் இல்லை.

செல்லப்பிராணி விவகாரம் அப்படியேதான் இருக்கிறது. கேட்டார்களே என்று எடையைக் குறிப்பிட்டேன். ஐம்பத்தெட்டு கிலோ நாய்க்கு அனுமதி இல்லையாம்.

அக்கா

*

ஏப்ரல் 6
ரயில் நிலையக் காத்திருப்புக் கூடம்

அக்கா,

இதை விமானக் கூரியரில் ஓட்டல் முகவரிக்கு அனுப்புகிறேன். எனக்கு விமானத்தில் இடமில்லை. இரண்டு ரயில் மாறி வருகிறேன். கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும்.

விசாரணை முடிந்தது. ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். அதில் எனக்கு என்ன கஷ்டம்? பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதினேன். இதுவரை கம்பெனிக்கு வந்ததிலேயே சிறந்த வருத்தக் கடிதம் என்று மனிதவள அதிகாரி பாராட்டினார். வேலை தப்பித்தது.

அதன்பின் நான்கு நாள் விடுப்புக் கேட்டேன். காரணம் கேட்டார்கள். அம்மாவின் கண் என்றேன். விடுமுறைக் காலம் வருகிறது, முப்பது நாள் முன்னால் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றார்கள். அறுவைச் சிகிச்சை என்றேன். “ஒரு நிமிஷம் இருங்க சார், மேல கேட்டுச் சொல்றேன்” என்று டீம் லீடர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறான், கை நீட்டினால் தொடலாம். ஒரு நிமிடம் ஐந்தாயிற்று, பதினொன்றாயிற்று. இசை மட்டும்தான் இல்லை.

எழுந்துவிட்டேன் அக்கா. “சார், இன்னும் பதில் வரலையே” என்றான். வரும்போது எனக்குப் பதிலாக நீயே கேட்டுக்கொள் என்றேன். அவன் பாவம், வாசல்வரை வந்து, “அம்மாவுக்கு நல்லாயிடும் சார்” என்றான்.

கழுத்துப் பட்டையிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்னால் என் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு வேலை செய்தேன். 204-ஐ இனி யாருக்கும் விற்க முடியாதபடி பூட்டினேன். அதற்கான பொத்தான் மூன்று வருடமாக என் திரையிலேயே இருந்திருக்கிறது. மேலிடத்து அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்பதால் நான் அதைப் பார்ப்பதேயில்லை. இரண்டாவதாக, அம்மாவை மனிதராக்கினேன். ‘மாற்றம் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. கீழ்த்தளம், ஜன்னல் உள்ள அறை. ரிசப்ஷன்காரரோடும் பேசிவிட்டேன்.

ஒன்பதாம் தேதி காலை எட்டே முக்காலுக்கு அங்கே வந்து சேர வேண்டும். இங்கே நான் ஏற வேண்டிய முதல் வண்டியே நாற்பது நிமிடம் தாமதம் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். நான் நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு போலீஸ்காரர் இரண்டு தடவை எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அந்த அறைக்குள் எப்படி நுழைவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. கதவு வரைக்கும் யோசித்துவிட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை.

நண்டு

*

ஏப்ரல் 9, காலை 9.40
(ரிசப்ஷன் மேசையில், தம்பி வந்ததும் கொடுக்கவும்)

நண்டு,

வண்டி இன்னும் நகரத்துக்கு வெளியிலேயே நிற்பதாக ரிசப்ஷன்காரர் கேட்டுச் சொன்னார். பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு நட. மூன்று நிமிடம் என்று உங்கள் ஆப் சொல்கிறது. நடந்து பார்த்தேன், ஏழு.

அம்மா பச்சை அங்கி போட்டுக்கொண்டு, கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சொட்டு மருந்து விட்டாயிற்று. படுக்கச் சொன்ன நர்ஸிடம், “ஒருத்தன் வரணும்” என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பதினொன்று வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் முடியாது, வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

இரண்டாம் மாடி, இடது பக்கம், மூன்றாவது கதவு. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. படிவத்தில் ‘நோயாளியுடன் இருப்பவர்’ என்ற இடத்தில் உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைத் தவிர வேறு யாரையும் விட மாட்டார்கள், என்னைக்கூட.

நான் கீழே மருத்துவமனை வாசற்படியில் இருப்பேன். என்னைப் பார்த்தால் நிற்காதே, மேலே ஓடு. நாம் பேச நான்கு நாள் இருக்கிறது.

அக்கா